கோல் கோட்டுச் சுண்ணாம்பு

“சுண்ணாம்பு அடிக்கிறவன் பொண்ணுக்கு இன்னாடி கண்ணு ஆஸ்பத்திரி படிப்பு? நீ படிச்சு யாரு கண்ணைத் தொறக்கப் போற?”

பாண்டிச்சேரியில் நான் கண் மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்ந்த அன்று அத்தை கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவளே நான் ஒருத்திதான். சிரித்துக்கொண்டேன்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, பொங்கல் விடுமுறையில் செஞ்சியில் கல்லூரிகளுக்கான கால்பந்துப் போட்டி நடந்தது. கோட்டை மலையடியில் மைதானம்; பாறைகள்தான் கேலரி. பைனலுக்குக் கோடு போடும் வேலை என் நைனாவுக்குக் கிடைத்தது. வீடுகளுக்கு வெள்ளையடிப்பவருக்கு அது பெரிய கௌரவம். கல் சுண்ணாம்பைத் தண்ணீர் தெளித்து நீற்றி, பழைய வேட்டியில் சலித்து எடுத்துவந்தார். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன். “இங்கதான் எல்லாரும் பார்ப்பாங்க” என்று கோலுக்கு முன்னால் மட்டும் கூடுதலாகக் கொட்டினார்.

இரண்டாம் பாதியில் வெளியூர்க் கல்லூரியின் கோல்கீப்பர் பாய்ந்து, பந்தோடு அந்தக் கோட்டில் முகம் குப்புற விழுந்தார். கூட்டம் கைதட்டியது. அவர் கண்களைப் பொத்திக்கொண்டு அலறியபோதும் பாறைமேல் சிலர் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட ஆடியவர்கள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்கள். நைனா குறுக்கே புகுந்து குடத்தைத் தட்டிவிட்டார்.

“தண்ணி ஊத்தாதீங்க! சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும்பா, கண்ணு வெந்துடும்!”

“எரியுதுண்ணா... தண்ணி குடுங்கண்ணா...”

“தாங்கிக்கடா தம்பி. நான் பார்க்காத சுண்ணாம்பா?”

கோச்சும் தயங்கி நின்றுவிட்டார். வேலைக்கு முன் கைகளில் தடவிக்கொள்ளும் தேங்காயெண்ணெயை நைனா அந்தக் கண்களில் விட்டார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வேன் கிளம்பும்வரை, ஒருவரையும் தண்ணீரோடு நெருங்கவிடவில்லை. பேண்ட் போட்டவர்களெல்லாம் என் நைனாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் அதையே சொல்லித் திரிந்தேன். “அன்னிக்கு நான் இல்லன்னா அந்தப் புள்ள கண்ணு போயிருக்கும்” என்று நைனாவும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று எங்கள் தெருவில் யாரும் விசாரிக்கவில்லை.

பாண்டிச்சேரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். சுண்ணாம்பு விழுந்த கண்ணில் உடனே தண்ணீர் விட வேண்டும். நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொதிப்பெல்லாம் நீற்றும்போதே அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு கண்ணைத் தின்பது தாமதம்தான். பக்கத்தில் இருந்தவள் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேனா ஓடவில்லை.

அந்த வெளியூர்க் கல்லூரியில் படித்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கோல்கீப்பரைக் கண்டுபிடித்தேன். திண்டிவனத்தில் அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கண் அப்போதே போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

போன வாரம் ஊருக்கு வந்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப நான் தட்டிவுட்டது...” என்றார். மூன்றாம் நாள், “அந்தப் புள்ள என்னைப் பார்க்க ஒத்துக்குமா?” என்றார்.

திண்டிவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். “வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார் அவர்.

திண்டிவனம் பஸ் தீவனூரைத் தாண்டிவிட்டது. நைனா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.