ஓடாத டேப்பில் கேட்ட குரல்

நம்புகிறவர்கள் நம்பலாம். துயெத் தன் வாயாலேயே என்னிடம் சொன்னது இது. சொல்லி முடிக்கும்வரை அவள் அழவே இல்லை.

1967. மேகாங் ஆற்றங்கரையில் மீ தோ நகரம். வானொலி நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த துயெத்தின் குரலை அமெரிக்க ராணுவம் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. கெரில்லாக்கள் ஒளிந்திருக்கும் காட்டின் மேல் அந்திநேரத்தில் ஹெலிகாப்டர் பறக்கும். ஒலிபெருக்கியில் அவள் குரல் அழும்.

"வீட்டுக்கு வந்துடு தம்பி... புதைக்க ஆளில்லாம ஆவியா அலையாதே..."

அவளுடைய சொந்தத் தம்பி குவானும் அந்தக் காட்டில்தான் இருந்தான். அதனால்தான் ஒப்புக்கொண்டாள். கேட்டால் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை.

"எங்க ஊர்ல தேர்தல் வருதும்மா," என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்வார் கேப்டன் ஹாலோரன். "சவப்பெட்டி வந்து இறங்கினா ஓட்டு போயிடும். எங்க பசங்களுக்குப் பதிலா உன் குரலை இறக்குறோம். யாருக்கும் வலிக்காது."

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் டேப் மக்கர் செய்தது. நேரடியாகப் பேசட்டும் என்று கேப்டனோடு அவளையே ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள்.

காட்டின் மேல் வந்ததும் மைக்கைப் பிடித்தாள். "தம்பி..." என்று தொடங்கினாள்.

ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் கேட்டது.

ஆண் குரல். தொண்டையில் சேறு அடைத்தது போல... களக்... களக்...

"டேப்பை நிறுத்துங்க!" துயெத் கத்தினாள்.

இயந்திரத்தின் அருகே இருந்த சிப்பாய் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"நான் தொடவே இல்ல. பாருங்க... சக்கரம் சுத்தல."

சுற்றவில்லை.

"கொக்கு அக்கா..."

அவளுடைய நீளக் கழுத்தைக் கேலி செய்து அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

"நீ கூப்பிட்டே... வந்தேன்... எங்கேக்கா இருக்கே?"

சிப்பாய் ஒயரைப் பிடுங்கினான்.

குரல் நிற்கவில்லை.

"எங்கே... இருக்கே...?"

கேப்டனுக்கு அந்த மொழி தெரியாது. கட்டைவிரலை உயர்த்தினார். "பிரமாதம்! யாரு அந்தப் பையன்?"

மறுநாளே துயெத் வேலையை விட்டாள்.

போர் முடிந்த பிறகு, குவானோடு காட்டில் இருந்த ஹியெப் என்பவர் அவளைத் தேடி வந்தார்.

"உங்க குரல் வந்த முதல் நாளே 'எங்க அக்கா'ன்னு துள்ளி எழுந்தான்மா. பிடிக்கப் பிடிக்க வெட்டவெளிக்கு ஓடி, மேலே பார்த்துக் கையாட்டினான். பின்னாலயே வந்த ஹெலிகாப்டர் சுட்டுடுச்சு. சேத்துலேர்ந்து உடம்பை எடுக்கக்கூட முடியல."

முதல் நாள்.



"ஒண்ணு கேக்கணும்மா," ஹியெப் தயங்கினார். "ரெண்டு மாசம் கழிச்சு, மேலேர்ந்து அவன் குரலே கேட்டுச்சே... அதை எப்படிப் பதிவு பண்ணீங்க? எங்க ஒவ்வொருத்தர் பேரையும் சொன்னான். 'அக்கா கூப்பிட்டாலும் வெளியே வராதீங்க'ன்னான்."

ஹெலிகாப்டரில் இருந்த யாரும் அந்த வார்த்தைகளைக் கேட்கவில்லை.