கூட இருக்க ஓர் ஆள்

மதுரை டாக்டர் என் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார், ஜவுளிக்கடையில் முந்தியைத் தடவிப் பார்ப்பவரைப் போல.

"இது எக்சர்சைஸ்ல போகாதும்மா. வெட்டித்தான் எடுக்கணும். இந்த இடுப்பெலும்புல இருந்து அந்த இடுப்பெலும்பு வரைக்கும் தழும்பு விழும். நோய்க்குச் செய்யற ஆபரேஷன் இல்ல இது. செய்யாட்டியும் ஒண்ணும் ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கல்லூரியில் மூன்று வருடமும் நான் தொண்ணூற்றெட்டுக் கிலோ. கூடப் படித்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிகள் எனக்கு வைத்த பெயர் 'தேர்'. நான் வகுப்புக்குள் நுழைந்தால், "வடத்தப் பிடிங்கடி, தேர் நிலைக்கு வருது!" என்பார்கள். அவர்களைவிடச் சத்தமாக நானே சிரிப்பேன். அதுதான் தப்பிக்கிற வழி.

படிப்பு முடிந்து ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். தனி அறை. பேச ஆள் இல்லாததால் நடந்தேன். எதிரே தட்டு வைத்து உட்கார ஆள் இல்லாததால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். இரண்டே வருடத்தில் அறுபது கிலோ. கொழுப்பு போய்விட்டது. தோல் மட்டும் போகவில்லை. நெல்லைக் கொட்டிய பிறகு கிடக்கும் சாக்கு மாதிரி இடுப்பில் தொங்கியது. சேலைக்கு நாலு ஊக்கு குத்தி அதை உள்ளே அடைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். எல்லோரும் "ஒல்லியாயிட்டியே!" என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், தேரின் துணி இன்னும் என்மேல்தான் தொங்குகிறது என்று.

கத்தி பயமில்லை. நர்ஸ் சொன்னதுதான் பயம். "கூட இருக்க ஒரு ஆளோட வாங்க. லேடீஸா இருக்கணும். மூணு நாள் தங்கணும், கையெழுத்துப் போடணும். ஆள் இல்லாம அட்மிஷன் கிடையாது."

அம்மா கான்சாபுரத்தில் இருந்தாள். சொன்னால் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் அழுவாள். அதனால் அம்மா கிடையாது. வேறு யார் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

ஆள் கிடைக்கும் முன்பே அறையைத் தயார் செய்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பதினைந்து நாள் நிமிரக் கூடாது, கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது. எதற்கும் குனியவோ எட்டவோ கூடாது. எனவே தரையில் இருந்த ஸ்டவ் மேசைக்கு ஏறியது. பரணில் இருந்த டப்பாக்கள் ஸ்டூலுக்கு இறங்கின. என் உலகம் முழுவதும் இடுப்பு உயரத்துக்கு வந்தது. முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு தைத்து வாங்கினேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து தூங்கிப் பழகினேன். கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை கூன் போட்டு நடந்து ஒத்திகை பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லையே.

தையல் பிரியாமல் வயிற்றில் கட்டச் சொன்ன பெல்ட் உரசாமல் இருக்க அடியில் சுற்ற மெல்லிய துணி வேண்டும். நான் வேலை பார்ப்பதே பேண்டேஜ் கம்பெனி. இதற்கென்ன என்று பேக்கிங் அக்காவிடம் போனேன். அங்கேதான் மாட்டினேன்.

"அக்கா, பன்னெண்டு இஞ்ச் அகலத்துல ஒரு துணி வெட்டித் தாங்க."

"யாருக்குட்டி?"

"எனக்குத்தான். குடல்வால் ஆபரேஷன்."

அக்கா கத்திரியைக் கீழே வைத்தாள். பதினைந்து வருடமாகப் பேண்டேஜ் மடிப்பவள். அகலத்தைச் சொன்னால் காயத்தைச் சொல்லிவிடுவாள்.

"ஏட்டி, விரலுக்கு ரெண்டு இஞ்ச், காலுக்கு நாலு. குடல்வாலுக்கு உள்ளங்கை அளவு பஞ்சு வச்சு ஒட்டுவாக. பன்னெண்டு இஞ்ச் எதுக்கு? ஒன்னய ரெண்டாப் பிளக்கப் போறாகளா?"

வேறு எந்த ஊரிலும் இந்தப் பொய் எடுபட்டிருக்கும். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் அவளைக் கூட்டிப்போய் ஊக்குகளைக் கழற்றினேன். டாக்டருக்குப் பிறகு என் வயிற்றைப் பார்த்தவள் அவள்தான்.

"இதுக்கா? சேலைக்குள்ள கெடக்கத யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கேன்க்கா. தெனமும்."

அக்கா ஊக்குகளை ஒவ்வொன்றாக அவளே குத்திவிட்டாள். பிறகு துணியை வெட்டி மடித்துத் தந்தாள். "சரி, வாரேன். வெள்ளிக்கிழமை ஏழு மணி பஸ்ல வா. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஏறிக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு பெரியவர், "எங்கருந்தும்மா வருது, காசியில இருந்தா?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே கழுத்தை நீட்டி நீட்டித் தேடினேன். கண்டக்டர் விசில் ஊதினார். பையோடு இறங்கிவிட்டேன். அடுத்த மதுரை பஸ் போனது. அதற்கடுத்ததும் போனது. எஸ்.டி.டி. பூத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். "ஆள் கிடைச்சதும் வாங்கம்மா," என்று நர்ஸ் அன்பாகத்தான் சொன்னாள். ராஜபாளையம் பஸ் பிடித்துத் திரும்பினேன்.

மறுநாள் அக்கா தானாக என் டைப்ரைட்டர் பக்கம் வந்தாள்.

"நேத்து வந்தேன்ட்டி. பால்கோவாக் கடை மறைவுல நின்னேன். நீ தேடுனதப் பாத்தேன். காலு ஏறல."

"ஏன்க்கா?"

"நோயின்னா கண்ண மூடிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். நல்லா இருக்க புள்ளைய அறுக்கதுக்கு நான் போடவா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஒங்கம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"அப்ப பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு வந்தீக?"

"நீ தனியா நிப்பியேன்னுதான். நீ திரும்பி பஸ் ஏறுத வரைக்கும் அங்கனயேதான் நின்னேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மெஷின் பக்கம் திரும்பினேன். பாதியில் நின்ற பில்லை அடித்து முடித்தேன்.

வேறு ஆள் தேடவில்லை. ஸ்டவ்வை மட்டும் தரைக்கு இறக்க மனம் வரவில்லை. அந்த அறையைக் காலி செய்யும் வரை எல்லாம் இடுப்பு உயரத்திலேயே இருந்தன, நான் ஆஸ்பத்திரியில் இருந்து எந்த நிமிஷமும் திரும்பி வந்துவிடுவேன் என்பதைப் போல.