ஒரே தாளில் இரண்டு டிக்

அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது தங்கச்சி. நான் எட்டாவதோடு நின்றவன், ஒர்க்‌ஷாப்பில் பைக் பிரிக்கிற வேலை. அவள் நர்சிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஆனையூருக்கு வந்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் போய்விடுவாள்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று சின்னது, வெள்ளை. ஒரு நாளைக்கு ஒன்றுதான். கூடினால் நாடி இறங்கிவிடும் என்று தங்கச்சி என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தாள்.

"மொதல்ல கையக் கழுவுண்ணே. நகத்துல அம்புட்டும் கிரீஸு."

"முழுங்கப்போறது அம்மாதானே."

"அதுக்குத்தான் கழுவச் சொல்றேன். ஒரு நிமிஷம் முழுசா நாடிய எண்ணு. அறுபதுக்குக் கீழ இருந்தா குடுக்காத, எனக்குப் போன் போடு. குடுத்தேன்னா ஒடனே காலண்டர்ல டிக் போடு. எழுதலைன்னா குடுக்கலைன்னுதான் காலேஜ்ல எடுத்துக்குவாங்க."

அங்கே பழகியதை வீட்டிலும் விடமாட்டாள். பெற்ற தாயிடமே பேர் கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை நீட்டுவாள்.

"பேர் சொல்லுங்கம்மா."

"ஒன்னயப் பெத்தவ."

"முழுப் பேரு?"

"ரெண்டு கழுதையப் பெத்தவ. குடுடி, சுடுதண்ணி ஆறுது."

அம்மாவிடம் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. படுத்ததிலிருந்து நேற்றையும் இன்றையும் குழப்பிக்கொள்வாள். அதனால் காலண்டரைத்தான் நம்பினோம்.

அது தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். கிழிப்பது அப்பா. நைட் வாட்ச்மேன் வேலை முடிந்து எட்டு மணிக்கு வருவார். செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அதுதான். வேறு யாரும் கிழித்தால் பிடிக்காது. கிழித்ததை எறியவும் மாட்டார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் கேட்டுக்கு வருகிற வண்டி நம்பரை எழுதுவார். அவர் கிழித்த பிறகு, எட்டரைக்கு நான் மாத்திரை கொடுத்து டிக் போடுவேன்.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கே ஓனர் போன் பண்ணிவிட்டார். அழகர்கோவில் ரோட்டில் ஒரு வண்டி நின்றுவிட்டதாம். நான் அம்மாவுக்கு இட்லி ஊட்டினேன், நாடி எண்ணினேன், எழுபதுக்கு மேலே இருந்தது. மாத்திரையைக் கொடுத்து டிக் போட்டுவிட்டுக் கிளம்பினேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டதாக ஒரு திருப்திகூட இருந்தது.

ஒன்பது மணிக்குத் தங்கச்சி வந்திருக்கிறாள். காலண்டரில் டிக் இல்லை. அவளும் நாடி பார்த்து, பேர் கேட்டு, மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள்.

மதியத்துக்கு மேல் அம்மாவுக்கு ஓயாத வாந்தி. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார், மாத்திரை ஏதும் கூடுதலாகப் போனதா என்று.

"காலையில நான் ஒண்ணு குடுத்தேன் சார்," என்றேன்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "டிக் இல்லையேண்ணே."

போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் இல்லை என்கிறாள். "அவசரத்துல மறந்துட்டேன் போல," என்றேன்.

மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். இதயம் ஏற்கெனவே ரொம்பக் கெட்டிருந்தது, அந்த ஒரு மாத்திரையால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பாதிதான் காதில் நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கச்சி சொன்னாள், "ஹாஸ்டல்ல இருக்க பெட்டிய எடுத்துட்டு வந்துர்றேண்ணே. இனி காலேஜ் போகல."

"ஏன்டா?"

"ஒனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும்ல. கேக்கலையே. இந்தக் கையால இன்னொருத்தருக்கு எப்பிடிண்ணே மாத்திரை குடுப்பேன்?"

சொல்ல வேண்டியது என் பர்ஸில் இருந்தது.

காரியத்துக்கு முந்தின நாள் அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு காலண்டர் தாள் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தாள். பின்பக்கம் ஒரு வண்டி நம்பரும் இல்லை; அதைக் கிழித்த பிறகு அவர் வேலைக்கே போகவில்லை. முன்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிக். இரண்டும் நான் போட்டது. சனிக்கிழமை ஆறரைக்கு அப்பா இன்னும் வரவில்லை, தாள் கிழிபடவில்லை. நான் கிழமையைப் பார்க்காமல், ஏற்கெனவே இருந்த டிக்குக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைப் போட்டிருக்கிறேன். எட்டு மணிக்கு அப்பா வந்து அதைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றே காட்டியிருக்கலாம். அவளும் என்னை விட்டுவிடுவாள் என்று பயம். தன்னாலே என்று அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க அதை வைத்திருந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவள் பெட்டி எடுக்கக் கிளம்பி வாசலில் நின்றபோதுதான் பர்ஸைத் திறந்தேன்.

நெடுநேரம் பார்த்தாள். விரலை வைத்து இரண்டையும் தொட்டாள்.

"போட்டிருக்கண்ணே," என்றாள். "கிழமையப் பாக்காமப் போட்டிருக்க."

"நீ சரியாத்தான் பண்ணிருக்க. காலேஜ விட்றாத."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "அப்பாட்ட சொல்லிராத. அவரு கிழிச்ச தாள்லதான் டிக் இருந்துச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு," என்றாள். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன்.

பெட்டி திரும்பி வரவில்லை. அவள் அங்கேயே இருந்து படிக்கிறாள்.

இப்போது அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை நான்தான் கொடுக்கிறேன். ஒரு நோட்டில் தேதி, மணி இரண்டையும் எழுதுகிறேன். தங்கச்சி தினமும் போன் பண்ணுவாள். அப்பாவிடம் நிறையப் பேசுவாள். என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"எத்தன மணிக்குக் குடுத்த?"

"எட்டு நாப்பது."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்டா."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருப்போம்.