வள்ளிநாயகியை யாரும் கேட்கவில்லை

1964 மார்கழியில் அடித்த புயல் திருகோணமலைக்கு வடக்கே சல்லி ஊர்க் கரையில் கிடந்த தோணிகளைத் தூக்கித் தாழம்புதர்களுக்குள் எறிந்துவிட்டுப் போனபோது வள்ளிநாயகிக்குப் பதினேழு வயது. அவளுடைய அப்பா இராசையா அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், தோணி ஒன்று விலை பேசுவதற்காக முல்லைத்தீவுக்குப் போயிருந்தார். எட்டு நாளாக அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஒன்பதாம் நாள் காலை தபாற்காரர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து, "பிள்ளை, முல்லைத்தீவிலயிருந்து உங்களைக் கேட்டு ஒரு டெலிபோன் கோல் வந்தது. பதினொரு மணிக்குத் திரும்ப எடுப்பினமாம். கெதியா வாங்கோ" என்றார்.

பக்கத்து ஊர்த் தபாற்கந்தோருக்கு இரண்டு மைல். வெறுங்காலோடு ஓடினாள். கந்தோர்க்காரர் கையில் கொடுத்த அந்தக் கறுப்புக் குழலைத் தலைகீழாகக் காதில் வைத்தாள். அவர்தான் திருப்பிக் கொடுத்தார். அதற்குள்ளிருந்து முதலில் கேட்டது அப்பாவின் குரல் அல்ல. ஒரு பெண்ணின் குரல்.

"சல்லி இராசையாவின்ர ஆக்களோ? அழாதேங்கோ பிள்ளை. அப்பா சுகமா இருக்கிறார். நான் லைனைப் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், ஆறுதலாக் கதையுங்கோ."

பிறகு அப்பா வந்தார். இரைச்சலுக்குள் அவருடைய சொற்கள் பாதியும் அறுந்துபோயின. அறுந்த இடத்திலெல்லாம் அந்தப் பெண் குறுக்கே வந்து, "கைதான் முறிஞ்சதாம், கட்டுப் போட்டாச்சாம்" என்றும், "அம்மாவைச் சாப்பிடச் சொல்லட்டாம்" என்றும் எடுத்துச் சொன்னாள். கதை முடிந்ததும் வள்ளிநாயகி நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லைன் அடங்கிவிட்டது.

அந்தப் பெண் யார், எந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எந்தக் கதிரையில் இருந்து பேசினாள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை. ஆனால் அன்று திரும்பி நடந்து வரும்போதே தான் என்ன ஆக வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டாள். எங்கோ தவிக்கிற ஒருவரையும் எங்கோ காத்திருக்கிற இன்னொருவரையும் சேர்த்துவிட்டு, தான் முகம் தெரியாமல் நடுவில் இருக்கிற வேலை. அதைவிட நல்ல வேலை உலகத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எஸ்.எஸ்.சி. சோதனையை இரண்டாம் முறை எழுதிப் பாஸ் பண்ணினாள். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. சிங்களம் கரையில் கிடைத்தது. தென்மேற்குக் காற்று வீசுகிற சோளகக் காலத்தில் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் குடும்பத்தோடு வந்து சல்லிக்கு வடக்கே ஓலைக்குடிசை வாடிகள் அடித்துத் தங்குவார்கள். அந்தப் பெண்களோடு கருவாடு காயவைத்துக்கொண்டே அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். ஓலைப்பாயில் கீரிமீனைப் பரப்பும்போது, "சற்றுப் பொறுங்கள், இணைப்புத் தருகிறேன்" என்று மூன்று பாஷையிலும் சொல்லிப் பார்ப்பாள். பக்கத்தில் நிற்கிற பெண்கள், "எடியே, மீனுக்கே கோல் எடுக்கிறாய்?" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு திரும்பச் சொல்லிப் பார்ப்பாள்.

1967ஆம் ஆண்டு அந்த விளம்பரம் பேப்பரில் வந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் வேலைகள் பார்க்கிற ஒரு கொம்பனிக்கு டெலிபோன் ஒப்பரேற்றர் தேவை. பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.சி. போதும். வாசித்தவளுக்குத் தன்னை அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது. விண்ணப்பத்தை நாலு முறை எழுதிக் கிழித்து ஐந்தாவதை அனுப்பினாள்.

நேர்முகத்துக்கு என்று நகரத்திலிருந்த சின்னம்மா இரத்தினேஸ்வரி இளநீலத்தில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். சின்னம்மாவின் வீடு டொக்யாட் வீதிக்குப் பின்னால், அந்தக் கொம்பனிக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. "வேலை கிடைச்சா இஞ்சயே நில்லு மேனை. எனக்கும் ஒரு துணை" என்று சொல்லி, முன்னறையில் இருந்த அலுமாரியில் ஒரு தட்டைக்கூட அவளுக்காக ஒதுக்கி வைத்தாள்.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. இங்கிலீசில் தட்டச்சடித்த நாலு வரி. தங்களை நேர்முகத்துக்கு அழைக்க முடியாமைக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். ஆனால் மேலே, 'மிஸ்டர் வள்ளிநாயகம்' என்று இருந்தது.

அவள் அந்த மேல்வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தோடு அப்பாவிடம் ஓடினாள். கவலையில் அல்ல, சந்தோசத்தில்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ! என்னை ஆம்பிளை எண்டு நினைச்சுப்போட்டினம். அதுதான் கூப்பிடேல்லை. நான் பொம்பிளை எண்டு தெரிஞ்சா கூப்பிடுவினம்!"

இராசையா கடிதத்தை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அவருக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மகளின் முகத்தை வாசிக்கத் தெரியும். "அப்ப நாளைக்கே போய்ச் சொல்லு" என்றார்.

அடுத்த நாள் இளநீலச் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். கொம்பனிக் கந்தோரில் முன்மேசையில் இருந்தவர் தம்பையா என்ற கிளாக்கர். தலை நரைத்த, மரியாதையான மனிதர். கடிதத்தை வாசித்ததும் அவருடைய முகம் சுருங்கியது.

"மன்னிக்க வேணும் பிள்ளை. இது ரைப் அடிச்சவையின்ர பிழை. இருங்கோ, பாப்பம்."

உள்ளே போய் ஒரு நீட்டுக் கொப்பியை எடுத்துவந்து விரலை ஓட்டினார். அவளும் எட்டிப் பார்த்தாள். அதில் அவளுடைய பெயர் சரியாகத்தான் இருந்தது. மிஸ் இ. வள்ளிநாயகி. வயது சரி, சோதனை முடிவு சரி, மூன்று பாஷைக்கும் நேரே அடையாளம் போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல். 'தூரம்.'

"தூரமோ? என்னையா தூரம்?"

"நீங்கள் சல்லி எண்டு விலாசம் போட்டிருக்கிறியள். கப்பல் நேரங்கெட்ட நேரத்தில எல்லாம் வரும் பிள்ளை. ஏழு மணிக்குப் பிறகு உங்கட பக்கம் பஸ் இல்லை. அதால ரவுணுக்கு வெளியில இருக்கிற ஆக்களை முதலே கழிச்சு விட்டினம்."

"என்ர சின்னம்மா வீடு உதில, பின்னுக்கு! நடந்தா அஞ்சு நிமிசம். நான் அங்கதான் நிக்கிறதா இருந்தனான்."

தம்பையாவின் விரல் விலாசக் கட்டத்துக்குத் திரும்பிப் போனது.

"விண்ணப்பத்தில நிரந்தர விலாசம் எண்டுதானே கேட்டிருந்தது? அதுதான் சல்லி எண்டு எழுதினனான். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பனே ஐயா."

"ஓம் பிள்ளை," என்றார் அவர். "கேட்டிருக்கலாம்." கொப்பியை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "போன கிழமையே ஒராளை எடுத்தாச்சு. இனி என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

அவள் எழுந்தாள். இரண்டு அடி நடந்தவள் திரும்பி, "அந்த அறையை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் மறுக்கவில்லை. மாடிப்படி ஏறி, நடையின் கடைசியில் இருந்த கதவடியில் நிறுத்தினார். சின்ன அறை. ஒரு பலகை முழுக்கத் துவாரங்கள், வயர்கள், மினுங்குகிற சிறு விளக்குகள். அதன் முன்னால் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு அவளுடைய வயதிலேயே ஒரு பெண். பக்கத்து யன்னலில் துறைமுகம் முழுவதும் விரிந்து கிடந்தது. நடுவில் ஒரு கப்பல், அதைச் சுற்றி மூட்டை ஏற்றிய பாதைப் படகுகள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, ஏதோ அலுவலாக வந்தவள் என்று நினைத்தாளாக்கும், ஒரு விரலைத் தூக்கிக் கொஞ்சம் பொறுக்கும்படி சைகை காட்டிச் சிரித்தாள். வள்ளிநாயகியும் சிரித்தாள். அவளைக் கோபிக்க முடியவில்லை. வேலையை நன்றாகத்தான் செய்தாள். குரல்தான் கொஞ்சம் அவசரமான குரல். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் சொல்லி முடிக்க முன்னரே வயரைச் செருகினாள்.

சின்னம்மா வீட்டுக்குப் போய் அலுமாரிக்கு முன்னால் இருந்து அழுதாள். பின்னேர பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு இரண்டு இடங்களுக்கு, சின்னம்மாவின் விலாசத்தைப் போட்டே எழுதினாள். ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. மற்றது வயது கடந்துவிட்டது என்றது. 1971இல் கதிரவேலைக் கலியாணம் கட்டினாள். கரைவலைக்காரன், சொந்தத் தோணி உள்ளவன், அதிகம் கதைக்காதவன். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். கருவாட்டு வியாபாரத்தை அவளே பார்த்தாள். நகரத்தில் ஸெய்னுதீன் முதலாளியின் கடைக்குச் சரக்குக் கொண்டுபோவாள். கடையில் டெலிபோன் இருந்தது. குருநாகலுக்கும் கொழும்புக்கும் விலை கேட்க வேண்டிய நாட்களில் முதலாளி அவளைத்தான் கதைக்கச் சொல்வார். "நீங்க கதைச்சா எக்ஸ்சேஞ்சில உடனே எடுத்துத் தாறாங்க தங்கச்சி. நான் கேட்டா அரை நாள்" என்பார்.

ஒருமுறை எதிர்ப்பக்கத்து ஒப்பரேற்றர், "அக்கா, நீங்கள் எந்த எக்ஸ்சேஞ்சில வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள். வள்ளிநாயகி, "நான் கருவாட்டுக்காரி தங்கச்சி" என்றாள். அந்தப் பக்கம் நம்பாமல் சிரித்தது. அன்று பஸ்ஸுக்குக் காசு எடுக்க மறந்து, பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தாள்.

இந்தக் கதையெல்லாம் கதிரவேலுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். 1980 ஆவணியில் ஒரு பின்னேரம், மழை இருட்டுக் கண்டு இரண்டு பேரும் கரையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மூத்தவளின் படிப்பைப் பற்றிக் கதை வந்தது. அதிலிருந்து இது வந்தது. அவள் முழுவதையும் சொன்னாள். மிஸ்டர் வள்ளிநாயகம் என்ற இடத்தில் அவன் சிரித்தான். சிவப்பு மைக்கு வந்தபோது நிறுத்திவிட்டான்.

"கூப்பிட்டிருந்தா என்னடி கேட்டிருப்பினம்?"

"என்னெண்டு தெரியும்? எல்லாத்துக்கும் மறுமொழி வைச்சிருந்தனான்."

கதிரவேல் கையிலிருந்த மணலைத் தட்டினான். கவிழ்த்துக் கிடந்த தோணியின் மேல் ஏறி, முதுகை நிமிர்த்தி இருந்தான்.

"அப்ப நான் கேக்கிறன். சொல்லுங்கோ. உங்கட பேரென்ன?"

ஒன்பது வருசத்தில் அவன் அவளை நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்து நின்று, "இராசையா வள்ளிநாயகி" என்றாள்.

"எத்தினை பாஷை தெரியும்?"

"மூண்டு."

அவனுக்கு மேலே கேட்கத் தெரியவில்லை. கடலைப் பார்த்து யோசித்தான். பிறகு, "ஏன் இந்த வேலைக்கு வர விரும்பிறீங்கள்?" என்றான்.

இதற்குத்தான் அவள் மிக நல்ல மறுமொழி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் ஆறு வசனம், மனப்பாடம். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"எனக்கு அந்த வேலையில சரியான ஆசை," என்றாள்.

வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லத்தான் கதிரவேல் நினைத்திருந்தான். அவளுடைய முகத்தைக் கண்டதும் சொல்லாமல் விட்டான். தோணியிலிருந்து இறங்கி வந்து பாயின் மற்றத் தலைப்பைப் பிடித்தான். மழை சம்பல்தீவுப் பக்கம் இறங்கிவிட்டது. இரண்டு பேரும் வேகமாகச் சுருட்டத் தொடங்கினார்கள்.