மயிலக்காவும் சிந்தாத மூடியும்

செய்தி வந்தபோது என் கையில் மூடிதான் இருந்தது. அஞ்சலி எழுதுகிறவன் அலங்காரத்துக்குச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம். அருள்புரத்தில் இருக்கும் என் பிளாஸ்டிக் பட்டறையில் யார், எப்போது கூப்பிட்டாலும் என் கையில் ஒரு மூடி இருக்கும். காலை டீ முடிந்து மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. சத்தத்தில் இரண்டு முறை அடித்த போன் கேட்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். பேசியது தேவி. மயிலக்கா நின்ற செக்கிங் மேஜையில் இப்போது நிற்கிற பெண். "அண்ணா, அக்கா போயிட்டாங்கங்ண்ணா" என்றாள். மெஷினை நிறுத்தச் சொன்னேன். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மயிலாத்தாள் என்ற பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பனியன் கம்பெனியில் அவரோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவர் மயிலக்கா. எனக்கும் அப்படித்தான். சோமனூரில் தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர். தைத்து வருகிற துணியை விரித்துப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கிங்காரர்களின் வேலை. அம்பு ஒட்டிய துணி 'ஆல்ட்டர்' என்று தைத்தவரிடமே திரும்பிப் போகும். இந்த வேலையை மயிலக்கா முப்பது வருடம் செய்தார், கடைசியில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராக இருந்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய குறை எதுவும் கப்பல் ஏறியதில்லை என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் அவர் முதலில் வந்தது ஒரு மத்தியானம். நான் பட்டனும், கால்சட்டை நாடாவை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஸ்டாப்பரும் செய்து கம்பெனிகளுக்குக் கொடுப்பவன். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, பையிலிருந்து ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"ஏனுங்க தம்பி, பட்டனெல்லாம் செய்யறீங்களே, இதுக்கு ஒரு மூடி செஞ்சு குடுக்க முடியுங்களா?"

"இதுலதான் மூடி இருக்குதுங்களே அக்கா."

அவர் மூடியைத் திருகிக் கழற்றி, அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். குடிக்கும்போதே வேண்டுமென்று கையை லேசாக அசைத்தார். என் ஆர்டர் நோட்டு நனைந்துபோனது. "இருக்குதுங்க. இந்த லட்சணத்துல இருக்குது" என்றார்.

பிறகு உட்கார்ந்து விவரம் சொன்னார். தீபாவளிக்குக் கம்பெனி எல்லோருக்கும் ஒரே மாதிரி பாட்டில் கொடுத்திருந்தது. ஒரு பெண் இப்படித்தான் மூடியைக் கழற்றிக் குடிக்கும்போது கை தவறி, வெள்ளைத் துணிக் கட்டு முழுக்கத் தண்ணீர். காய்ந்த பிறகு வட்ட வட்டமாகக் கறை. அன்றிலிருந்து தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனில் பாட்டில் கூடாது, வாசலோரம் ஸ்டாண்டில் வைக்க வேண்டும் என்று உத்தரவு. மணிக்கு இத்தனை பீஸ் என்று தைக்கிறவள் எழுந்து வாசல் வரை போவாளா? சாப்பாட்டு நேரம் வரை தொண்டையை நனைக்காமலே உட்கார்ந்திருப்பாள். பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. அந்த வாரம் ஒரு பெண் தலைசுற்றி மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"நா முப்பது வருசமாத் தண்ணி குடிக்காம இருந்து பழகிட்டனுங்க தம்பி. அதுக்கு ஒடம்பு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ளைங்க அதைப் பழகக் கூடாதுங்க."

அவருடைய சிறுநீரகம் அப்போதே தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும்.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் அவர் முன்பே பேசிவிட்டு வந்திருந்தார். ஒரு சொட்டுக்கூடத் துணியில் விழாத மூடி கொண்டுவந்தால் பாட்டிலை உள்ளே விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரே ஒரு லைன், ஒரே ஒரு வாரம், ஒரு சொட்டு விழுந்தாலும் அதோடு முடிந்தது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். "விழுந்துச்சுன்னா பாட்டலோட நானும் வெளிய போயிடறேன்னு சொல்லீட்டனுங்க" என்று என்னிடம் சர்வசாதாரணமாகச் சொன்னார். தன் வேலையையே பணயமாக என் பட்டறையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, டீ குடிக்காமலே போய்விட்டார்.

என் முதல் மூடியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டு மாதிரி ஒன்றை வாங்கி, அதைப் பார்த்து, வாயில் வைத்து உறிஞ்சுகிற மூக்கு ஒன்றை அழகாகச் செய்திருந்தேன். நீட்டியபோது பெருமையில் கை தானாகக் கொஞ்சம் உயர்ந்தது. மயிலக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாய வெச்சுக் குடிக்கறதுங்களா?"

"ஆமாங்க்கா. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்."

"அங்க பாட்டல் ஒருத்தருக்கு ஒண்ணுங்க. எங்க லைன்ல ஒருத்தி பாட்டல் தீந்தா பக்கத்து மெஷின் பாட்டல எடுப்பா. எச்சிப் பாட்டல யாருங்க தொடுவாங்க?"

நான் பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடிக்கிறவன். என் வீட்டுச் சொம்பைக்கூட உதட்டில் வைத்ததில்லை. ஒடிசாவிலிருந்து வந்து என் பட்டறையில் வேலை செய்கிறவர்களும் அண்ணாந்துதான் குடிக்கிறார்கள். தினமும் இதைப் பார்த்துக்கொண்டே, அச்சு வெட்டும்போது மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். அந்த மூடியை அவர் என் மேஜையில் மெதுவாக வைத்து, "ஆல்ட்டருங்க" என்றார்.

அடுத்து, மேலிருந்து ஊற்றிக் குடிக்கிற மாதிரி சின்ன ஓட்டை வைத்து ஒன்று செய்தேன். அதைச் சோதிக்க மயிலக்கா தன் முறையோடு வந்தார். ஒரு வெள்ளைப் பனியன் துணியை மேஜையில் விரித்தார், ஸ்டிக்கர் சுருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். துணிக்கு மேலே பாட்டிலைப் பிடித்து அண்ணாந்தார். தண்ணீர் முதலில் வரவே இல்லை. பிறகு குபுக்கென்று வந்து மூக்கில் ஏறியது. இருமி, தும்மி, முகத்தைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியில் விழுந்த ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு அம்பு ஒட்டினார். ஒட்டி முடித்தபோது துணி பூப்போட்ட மாதிரி இருந்தது. அதை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஊட்டுல எண்ணெ டின் வாங்குனா எத்தன ஓட்டை போடுவீங்க தம்பி?"

"ரெண்டுங்க்கா."

"எதுக்குங்க ரெண்டு?"

காற்று உள்ளே போக ஒன்று, எண்ணெய் வெளியே வர ஒன்று. என் அம்மா ஆணியும் சுத்தியலும் வைத்துச் செய்ததை, இருபது வருடம் அச்சு வெட்டியவன் மறந்திருந்தேன். எழுந்து டிரில்லிங் மெஷினுக்குப் போனேன். பின்னால் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டாவது ஓட்டை வந்ததும் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. ஆனால் குடித்து முடித்தபின் மூடிக்கொள்ளவில்லை. திறந்தபடி சாய்ந்தால் எல்லாம் வீண். ஒரு கையில் துணியைப் பிடித்திருக்கிறவள் இன்னொரு கையால் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மயிலக்கா என் டப்பாவிலிருந்து ஒரு நாடா ஸ்டாப்பரை எடுத்து அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அமுக்குனாத் தெறக்குது. உட்டா அதுவே மூடிக்குது. இதையே அங்க வெக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். லட்சக்கணக்கில் நான் செய்து தள்ளிய சாமான் அது. அப்படியே மூடியில் பொருத்தினேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் ஒரு வாரத்தில் துருப்பிடித்து, வெள்ளைத் துணியில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு விட்டது. அதற்கு மட்டும் இரண்டு அம்பு ஒட்டினார். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ரப்பர் குமிழ் வைத்தேன். இப்படியே பதினோரு துணி சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் அம்பு குறைந்துகொண்டே வந்தது. பதினோராவதில் ஒன்றே ஒன்று. அதையும் சரிசெய்த பிறகுதான் ஒரு லைனுக்குத் தேவையான மூடிகளை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு வாரமும் பட்டன் கொடுக்கிற சாக்கில் நான் தினமும் கம்பெனிக்குப் போய் நின்றேன். இத்தனை பட்டன் எதற்கு என்று ஸ்டோரில் கேட்டார்கள். நான்காம் நாள், துணி ஏற்றி வந்த தள்ளுவண்டி ஒரு மெஷின் மேஜையில் இடித்தது. பாட்டில் உருண்டு, கீழே கூடையில் இருந்த வெள்ளைத் துணிக் கட்டின்மேல் தலைகீழாக விழுந்தது. ஒவ்வொரு மெஷினாக நின்றது. அதற்குச் சொந்தக்காரப் பெண் அழுகிற மாதிரி எழுந்து பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத கண்ணு" என்றார் மயிலக்கா. "மேனேஜரக் கூட்டிட்டு வாங்க."

எடுத்து வைத்திருந்தால் மேனேஜருக்குத் தெரிந்தே இருக்காது. மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். வந்தார், பாட்டிலைத் தூக்கினார், கட்டின் மேலே இருந்த துணித் துண்டைத் தடவிப் பார்த்தார், நாலைந்தைப் புரட்டினார். "ஒண்ணுமில்லக்கா, விடுங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மயிலக்கா விடவில்லை.

"நீங்க பாத்தாப் பத்தாதுங்க சார். நா பாக்கோணும்."

ஸ்டிக்கர் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டு முழுவதையும் தன் மேஜைக்குக் கொண்டுபோய், டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு துண்டாக விரித்தார். முன்புறம், பின்புறம், ஓரம். தன் வேலையைத் தானே பறித்துக்கொள்ள இப்படியும் ஒருவர் தேடுவாரா என்று எனக்குக் கோபமே வந்தது. கடைசித் துண்டையும் விரித்துப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு, "பாஸுங்க" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டார். பாட்டில் விழுந்து கசங்கிய அந்தத் துணித் துண்டை எடுத்து, "இதை நீங்களே வச்சுக்கங்கக்கா, வீட்டுல போயி இன்னும் நல்லாத் தேடிப் பாருங்க" என்று கொடுத்தார். அடுத்த வாரம் எல்லா லைனிலும் பாட்டில் வந்தது. அதன்பின் மற்ற கம்பெனிகளும் மூடி கேட்டு வந்தார்கள். இன்று அருள்புரத்தில் எத்தனையோ மெஷின் பக்கத்தில் அந்த மூடி நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மூடியில் அவர் பெயரைப் பொறிக்கலாம் என்று கேட்டேன். "தண்ணி குடிக்கறவங்க எம் பேர எதுக்குப் படிக்கோணும்?" என்று மறுத்துவிட்டார். நான் அவருக்குத் தெரியாமல் அச்சில் ஒரு சின்ன அம்புக்குறி வெட்டினேன். உங்கள் பாட்டில் மூடியைத் திருப்பிப் பாருங்கள், ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் உடம்பு முடியாமல் வீட்டில் படுத்திருந்தபோது போய், பெருமையோடு காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அம்பு வெச்சா ஆல்ட்டருன்னு அர்த்தமுங்க. நல்ல மூடில எதுக்குங்க இத வெச்சீங்க?"

அச்சை மாற்றிவிடுகிறேன் என்றேன். "உடுங்க. தண்ணி வர்ற பக்கம் தெரியட்டும்" என்று சிரித்தார். அவர் தலைமாட்டிலும் அதே பாட்டில் இருந்தது. டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு அதில் பாதிதான். "உங்க மூடி மெல்லிசா ஊத்துதுங்க தம்பி. கொஞ்சத் தண்ணி ரொம்ப நேரம் வருது" என்றார். என்னால் அங்கே அதிக நேரம் உட்கார முடியவில்லை.

அடக்கத்தன்று கம்பெனி வண்டியிலேயே நீங்கள் எல்லோரும் வந்து இறங்கினீர்கள். நல்ல வெயில். அழுது தொண்டை வறண்டவர்களுக்குத் தேவி பாட்டிலை எடுத்து நீட்டினாள். அது கை மாறி, கை மாறி, வரிசை முழுக்கப் போய் வந்தது. ஒவ்வொருவரும் அண்ணாந்து குடித்தீர்கள். அழுகையில் கை நடுங்கியவர்கள்கூடச் சேலையில் ஒரு சொட்டு விடவில்லை. அழ வேண்டிய இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. மயிலக்கா பார்த்திருந்தால் தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

அம்பு ஒட்டிய பதினோரு துணிகளும் பட்டறையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கூடையில் பாட்டில் விழுந்த, மேனேஜர் கொடுத்த அந்த வெள்ளைத் துண்டை மயிலக்கா அன்றே மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். "இது உங்களதுங்க தம்பி" என்றார். அதை மட்டும் வீட்டில் பீரோவில் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்து விரித்துப் பார்த்தேன். முப்பது வருடம் குறை கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்த ஒருவர், என் வேலையில் தேடித் தேடிப் பார்த்து, அம்பு ஒட்ட இடம் கிடைக்காமல் கொடுத்த துணி அது.