நான் போர்த்திய போர்வை

ஒரகடம் தொழிற்சாலையில், காலை ஷிஃப்டில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்தால் உடல் சூட்டைக் குறைத்தால் மூளை பிழைக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறதாம். கையெழுத்துப் போட்டேனே தவிர நம்பவில்லை. மணிக்கொரு முறை அவருடைய உடல் சூட்டையும், ஊசி போட்டவர் பெயரையும் நாள்குறிப்பில் எழுதிவைத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் கேட்க வேண்டுமே.

பகல் இரண்டு மணிக்கு அவர் கை சில்லிட்டிருந்தது.

"ஐஸ் பெட்டில வெச்ச மாதிரி கீது, அண்ணி. நம்மள வெச்சு டெஸ்ட் பண்றானுங்க," என்றான் கூட இருந்த கொழுந்தன்.

நர்ஸ் வெளியே போகும்போதெல்லாம் இரண்டு போர்வைகளைக் கழுத்துவரை போர்த்தினேன். அவள் காலடி கேட்டதும் உருவிவிடுவேன்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். "இறங்கின சூடு மறுபடி ஏறுதே. டோஸைக் கூட்டலாம்," என்றார்.

நர்ஸ் ஊசியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"வேணாம் சார். நான்தான் போர்வை போத்திக்கினே இருந்தேன்."

திருநெல்வேலிக்காரியான அந்த நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். "என்னக்கா இப்பிடிப் பண்ணிப்புட்டிய! டோஸ் ஏறியிருந்தா என்னத்துக்கு ஆவறது?"

டாக்டர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே," என்று மட்டும் சொன்னார்.

இன்று என் கணவர் தனியாகவே படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார். ஆனால், என் பெயரைக் கொஞ்சம் தேடித்தான் கூப்பிடுகிறார். அது நோயின் வேலையா, அந்த இரண்டு மணி நேரத்தின் வேலையா என்று கேட்டேன். டாக்டருக்கும் தெரியவில்லை. பெயர் வரும்வரை நான் எடுத்துக்கொடுக்காமல் நிற்கிறேன்.