விண்வெளியில் வடக்கு எந்தப் பக்கம்?

மயிலாப்பூரில் எங்களுக்கு ஒற்றை அறைப் போர்ஷன். ஃபேன் வடக்குச் சுவர் ஓரமாகத் தொங்கியது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதில் என் வீட்டுக்காரர் கண்டிப்பு. அதனால் சித்திரை வெயிலிலும் காற்றெல்லாம் எங்கள் காலுக்குத்தான். முகம் வேர்த்து வழியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் டிவியில் விண்வெளிக்குப் போனவர்கள் தூங்குவதைக் காட்டினார்கள். பைக்குள் நுழைந்து, சுவரோடு கட்டிக்கொண்டு, நின்றபடியே தூங்கினார்கள். அங்கே மேல், கீழ் எதுவுமே கிடையாதாம்.

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத நான் மெதுவாகக் கேட்டேன். "ஏங்க, அவங்களுக்கு வடக்கு எந்தப் பக்கம்?"

அவர் யோசித்தார். "அவங்க ஆகாசத்துல இருக்காங்க. நாம மயிலாப்பூர்லதானேடி இருக்கோம்?"

"அவங்களுக்கே ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லி, ஃபேனுக்கு அடியில் தலையணையைப் போட்டுப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தலையணையும் பக்கத்தில் வந்து சேர்ந்தது.